தப்பான பெயரில் ஊர் மாறிய செடி

இன்னைக்கு ஒரு தண்ணிச் செடியோட வரலாறு. அதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன். இந்த எபிசோடே அதனாலதான்.

எங்க வீட்டு ஹால்ல ரெண்டடி மீன்தொட்டி ஒண்ணு இருக்கு. வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்துல தொத்திக்கிட்ட பழக்கம். கடையில வாங்குற செடிங்க பாதி பத்து நாள்ல அழுகிடும். போன ஜனவரில நானும் என் ஃப்ரெண்டும் செங்கல்பட்டு பக்கம் பைக்ல போனப்போ, வழியில ஒரு ஏரி. மழை முடிஞ்சு தளும்பி நிக்குது. மதகு ஓரமா எட்டிப் பார்த்தா, தண்ணிக்கு அடியில பச்சைப்பசேல்னு ஒரு காடு.

கரையில ஒரு அண்ணன் மீன் வலையை உதறிக்கிட்டு இருந்தார்.

"அண்ணா, இது என்ன செடி?"

"பாசி தம்பி."

"இல்லண்ணா, இதுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?"

"அதான் சொல்றேனே. பாசி."

"கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

சிரிச்சிட்டார். "வண்டி நிறைய எடுத்துட்டுப் போ. வலையில சுத்திக்கிட்டு உயிரை வாங்குது."

ஒரு கவர் நிறைய எடுத்துட்டு வந்தேன். செடியை அடையாளம் காட்டுற ஆப் ஒண்ணு போன்ல இருந்துச்சு. படம் எடுத்துப் போட்டேன். 'எலோடியா'ன்னு வந்துச்சு. சரின்னு தொட்டி மேல ஸ்டிக்கர்ல எலோடியான்னு எழுதி ஒட்டிட்டேன். பக்கத்துலயே கடையில வாங்கின கபோம்பாவும் இருந்துச்சு. விசிறி மாதிரி மெல்லிசு மெல்லிசா இலை இருக்கும், பார்க்க அழகு.

ரெண்டு மாசத்துல தொட்டிக்குள்ள மீனே தெரியல. அவ்வளவு வளர்ச்சி. வாராவாரம் வெட்டுவேன், வெட்டினதை ஒரு பக்கெட்ல போடுவேன். மார்ச்ல திரும்ப அந்தப் பக்கம் போற வேலை வந்தப்போ, பக்கெட்ல இருந்ததைக் கவர்ல கட்டிக் கொண்டுபோய் அதே ஏரியில கொட்டிட்டேன். அங்கிருந்து வந்தது, அங்கேயே போகட்டும்னு ஒரு நல்ல எண்ணம். குப்பைத்தொட்டியில போடறதைவிட இது மேல்னு அப்போ உண்மையாவே நம்பினேன்.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு, இந்தச் செடியோட கதையைப் படிச்ச பிறகுதான் புரிஞ்சுது.

முதல்ல, அது எலோடியாவே இல்ல

எலோடியா வட அமெரிக்கச் செடி. நம்ம ஏரியில இருந்தது ஹைட்ரில்லா. பேரைக் கேட்டதும் சில பேருக்கு ஸ்கூல் ஞாபகம் வந்திருக்கும். பீக்கர்ல தண்ணி, உள்ள செடி, மேல புனலைக் கவிழ்த்து, அதுக்கும் மேல டெஸ்ட் டியூபைக் கவிழ்த்து, வெயில்ல வெச்சு, ஆக்ஸிஜன் குமிழி வருதான்னு பார்ப்போமே. அந்தச் செடிதான். படம் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கினவன் நான். ஏரியில நேர்ல பார்த்தப்போ தெரியல.

ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டமில்ல. தண்டுல ஒரு கணுவைப் பிடிச்சு, அதைச் சுத்தி எத்தனை இலைன்னு எண்ணணும். எலோடியாவுக்குப் பெரும்பாலும் மூணு. ஹைட்ரில்லாவுக்கு நாலுல இருந்து எட்டு வரை, பல சமயம் அஞ்சு. அடுத்து இலை ஓரம். ஹைட்ரில்லாவுக்கு ரம்பம் மாதிரி பல் இருக்கும், லென்ஸ் இல்லாமலே தெரியும். இலைக்கு அடிப்பக்கம் நடுநரம்புல சின்னச் சின்ன முள்ளும் இருக்கலாம். விரல்ல உருவினா சொரசொரன்னு இருக்கும். எலோடியா வழவழன்னு இருக்கும். கடைசியா வேர். மண்ணோட எடுத்தா ஹைட்ரில்லாவுக்கு அடியில பட்டாணி அளவுல கிழங்கு கிடைக்கும். எலோடியாவுக்கு அந்தக் கிழங்கு கிடையாது.

மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை. நான் செய்யல. சமாதானம் என்னன்னா, என்னைவிடப் பெரிய ஆளுங்களும் இதே இடத்துல சறுக்கியிருக்காங்க.

தரங்கம்பாடிக்கு வந்த மாணவர்

1768. தரங்கம்பாடி அப்போ டென்மார்க்காரங்க கையில இருக்கு. அங்க இருந்த மிஷனுக்கு மருத்துவரா வந்து இறங்குறார் ஜோஹன் கெரார்ட் கோனிக். சாதாரண மருத்துவர் இல்ல. செடிகளுக்கு ரெண்டு சொல்லுல பெயர் வைக்கிற முறையை உலகத்துக்குக் கொடுத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸோட நேரடி மாணவர். பின்னாடி ஆற்காடு நவாப்கிட்டயும், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் வேலை பார்த்தார். 1785-ல இந்தியாவுலேயே இறந்தும் போனார்.

வந்த நாள்ல இருந்து கோனிக் செடி சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தார். 1778-ல குரு லின்னேயஸ் இறந்த பிறகு, அவர் மகன் அப்பா விட்ட இடத்துல இருந்து வேலையைத் தொடர்ந்தார். 1781 தேதியிட்ட அவரோட புத்தகத்துல, கோனிக் இந்தியத் தண்ணியிலிருந்து எடுத்த ஒரு செடிக்கு 'செர்பிகுலா வெர்டிசில்லாட்டா'ன்னு பெயர் வருது. வெர்டிசில்லாட்டான்னா கணுவைச் சுத்தி வட்டமா இலை உள்ளதுன்னு அர்த்தம். அதுதான் நம்ம ஏரிப் பாசி.

குழப்பம் இங்கேயே தொடங்குது. 1814-ல வட அமெரிக்கச் செடிகளைப் பத்தி புத்தகம் எழுதின ஃபிரெடெரிக் பர்ஷ், அந்த ஊர் எலோடியாவையும் அதே செர்பிகுலாங்கிற பெட்டிக்குள்ள போட்டுட்டார். நம்ம பாஷையில சொன்னா, நேம்ஸ்பேஸ் ஒண்ணு, உள்ள ரெண்டு வேற வேற பொருள். அப்புறம் ஹைட்ரில்லான்னு தனிப் பேரினம் உருவாச்சு. 1839-ல, முன்னாடி சஹாரன்பூர் தோட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் இந்தச் செடியை அதுல சேர்த்தார். இன்னைக்கும் அதோட பெயர் ஹைட்ரில்லா வெர்டிசில்லாட்டா. புத்தகத்துல குழப்பம் தீர்ந்துடுச்சு. ஆனா செடியைக் கையில எடுக்கிற மனுஷங்க புத்தகத்தைப் பார்த்துட்டா எடுக்கிறாங்க?

கண்ணாடிக்குள்ள ஒரு குளம்

இதுக்கு நடுவுல லண்டன்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியா செடியையும் விட்டுப் பார்த்தார். அழுகுற இலையைத் தின்ன நத்தையும் போட்டார். மீன் விடுற கழிவு செடிக்கு, செடி விடுற ஆக்ஸிஜன் மீனுக்கு. தண்ணி மாத்தாமலே மாசக்கணக்கா ஓடுச்சு. 1850-ல அதைக் கட்டுரையா வெளியிட்டார். 1854-ல பிலிப் காஸ் எழுதின புத்தகம் வந்த பிறகு 'அக்வேரியம்'ங்கிற சொல்லும் பரவிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, மீன்தொட்டிங்கிற யோசனையே செடியில இருந்துதான் கிளம்புது. அப்படின்னா செடி வேணும். நிறைய வேணும், வித்தியாசமா வேணும். இருபதாம் நூற்றாண்டுல இலங்கை, மலேயா, பிரேசில்னு உலகத்துக் குளமெல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய வீட்டு ஹாலுக்குப் பார்சல் ஆக ஆரம்பிச்சுது.

அதுல ஒரு பார்சல் 1950களோட ஆரம்பத்துல இலங்கையில இருந்து கிளம்பி, அமெரிக்காவுல புளோரிடா மாநிலத்து டாம்பா பகுதியில இருந்த ஒரு மீன்தொட்டிச் செடி வியாபாரி கைக்குப் போச்சு. மேல ஒட்டியிருந்த பெயர் 'இந்தியன் ஸ்டார் வைன்'. இந்திய நட்சத்திரக் கொடி! கோனிக், லின்னேயஸ், ராயில் மூணு பேரும் எழுதின எதுவுமே அந்த லேபிள்ல இல்ல. வந்த செடி அவருக்குத் திருப்தியா இல்ல. கடைக்குப் பக்கத்துல ஓடுற கால்வாய்ல தூக்கிப் போட்டுட்டார். சில மாசம் கழிச்சுப் பார்த்தா, கால்வாய்ல செழிச்சு வளர்ந்து நிக்குது. அங்கிருந்து கொஞ்சம் மயாமி பக்கமும் போச்சு, வளர்த்து விக்கறதுக்காக.

1960-ல மயாமி பக்கத்துக் கால்வாய் ஒண்ணுலயும், கிரிஸ்டல் ரிவர்லயும் ஒரு புதுச் செடி தென்பட்டுச்சு. பார்த்தவங்க என்ன பெயர் சொன்னாங்க தெரியுமா? எலோடியா. 'புளோரிடா எலோடியா'ன்னே கொஞ்ச காலம் பெயர் ஓடுச்சு.

நான் தொட்டியில ஒட்டின ஸ்டிக்கரும் அதே எலோடியாதான்.

ஒரு பெயர் தப்பாப் போனா என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். எலோடியா அவங்க ஊர்ச் செடி. ஊர்ச் செடின்னு நினைச்சுட்டா யாரும் பதற மாட்டாங்க. உண்மையான பெயர் தெரிஞ்சிருந்தா, இது எந்த ஊர்ச் செடி, எப்படிப் பரவும், மண்ணுக்குள்ள எதை விட்டுட்டுப் போகும்னு அடுத்த கேள்வி வந்திருக்கும். தப்பான பெயர் அந்தக் கேள்வியையே வரவிடல.

அதுக்கப்புறம்

புளோரிடாவுல பரவினது பெண் செடி மட்டும். விதையே கிடையாது. துண்டு துண்டாவே பரவுச்சு. ஒரு கணு இருக்கிற துண்டு போதும், படகு மோட்டார்ல சிக்கி அடுத்த ஏரிக்குப் போயிடும். 1990களோட நடுவுல புளோரிடாவுல மட்டும் சுமார் 40,000 ஹெக்டேர் தண்ணியை மூடிடுச்சு. மேல வெட்டினா அடியில கிழங்கு. அந்தக் கிழங்கு மண்ணுக்குள்ள நாலு வருஷத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும்.

ஃப்ளூரிடோன்னு ஒரு களைக்கொல்லி அடிச்சாங்க. பல வருஷம் நல்லா வேலை செஞ்சுது. அப்புறம் அதுக்கு அடங்காத ஹைட்ரில்லா வந்துடுச்சு. விதையே போடாத செடி, உடம்பு செல்லுல நடந்த மாற்றத்தாலேயே எதிர்ப்பு சக்தி வாங்கிடுச்சு.

1994 குளிர்காலத்துல ஆர்கன்சா மாநிலத்து டிகிரே ஏரியில வெண்தலைக் கழுகுங்க செத்து விழ ஆரம்பிச்சுது. அமெரிக்காவோட தேசியச் சின்னமே அந்தக் கழுகுதான். மூளையில ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. ஏன்னு கண்டுபிடிக்க கால் நூற்றாண்டு ஆச்சு. ஹைட்ரில்லா இலை மேல ஒட்டி வளர்ற ஒரு நீலப்பச்சைப்பாசி நஞ்சு சுரக்குது. செடியைத் தின்ற நீர்க்கோழிக்கு அந்த நஞ்சு போகுது, நீர்க்கோழியைத் தின்ற கழுகுக்கும் போகுது. அந்த நஞ்சு இன்னதுன்னு 2021-ல உறுதி பண்ணினாங்க. அந்த உயிருக்கு வெச்ச பெயருக்கு அர்த்தமே 'ஹைட்ரில்லா மேல வாழுற கழுகுக்கொல்லி'.

அமெரிக்க விஞ்ஞானிங்க இதுக்கு மருந்து தேடி எங்க வந்தாங்கன்னு யோசிங்க. இந்தியாவுக்குத்தான். இங்க இந்தச் செடியைத் தின்ன ஏதாவது பூச்சி இருக்கணுமே. இருந்துச்சு. இலையைத் தின்ற ஒரு சின்ன ஈ, கிழங்கைத் தின்ற ஒரு கூன்வண்டு. ரெண்டையும் 1987-ல புளோரிடாவுல விட்டாங்க. ஈ நிலைச்சுது. கூன்வண்டு நிலைக்கல. காரணம் ரொம்ப எளிமை. அந்த வண்டுக்கு ஏரி காயணும். தண்ணி வத்தி, தரை தெரிஞ்சு, வெடிப்பு விட்டாத்தான் கிழங்குகிட்ட போக முடியும். புளோரிடா ஏரிங்க அப்படிக் காயாது.

நம்ம ஏரி காயும். ஐப்பசில நிரம்பி சித்திரையில பாளம் பாளமா வெடிக்கும். ஹைட்ரில்லாவுக்கு எதுக்குக் கிழங்கு, கிழங்குக்கு எதுக்கு வண்டு, எல்லாத்துக்கும் கணக்கு அந்தக் காய்ச்சல்லதான் இருக்கு. ஔவையார் மூதுரையில, குளம் வத்தினதும் பறந்து போற பறவையையும், போகாம அங்கேயே கிடக்கிற கொட்டி, ஆம்பல், நெய்தலையும் சொந்தக்காரங்களுக்கு உவமையா சொல்வாங்க. அந்தச் செடிங்க ஏன் போகல? மண்ணுக்கடியில கிழங்கு இருக்கு. அந்தக் கொட்டியோட இனத்தைத்தான் இன்னைக்குக் கடையில 'அபோனோகெட்டான் பல்ப்'னு காசு குடுத்து வாங்குறோம்.

இங்கயும் ஹைட்ரில்லா வாய்க்காலை அடைக்கும், வலையைச் சுத்தும். இல்லன்னு சொல்லல. ஆனா இங்க அதுக்கு ஒரு கடிவாளம் இருக்கு. பார்சல்ல செடி மட்டும்தான் போச்சு. கடிவாளம் கூடப் போகல.

இப்போ என் கவருக்கு வருவோம்

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ, சரி, நான் கொட்டினது நம்ம ஊர் ஹைட்ரில்லாதானே, பரவாயில்லன்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தேன். அடுத்த நிமிஷம் பக்கெட் ஞாபகம் வந்துச்சு. வாராவாரம் வெட்டினது ஹைட்ரில்லா மட்டுமில்ல. கபோம்பாவும்தான்.

கபோம்பா அமெரிக்கக் கண்டத்துச் செடி. 2020-ல கோழிக்கோடு மாவட்டம் ஆவளப் பாண்டியில ஒரு வாய்க்கால் முழுக்க ரோஸ் கலர்ல பூத்து, ஜனங்க கூட்டம் கூட்டமாப் போய் செல்ஃபி எடுத்தாங்களே, அது கபோம்பால ஒரு வகை. மீன்தொட்டி வழியா வந்து வாய்க்காலுக்குப் போனதுன்னுதான் சொல்றாங்க. டாம்பா கால்வாய்ல நடந்தது அப்படியே திரும்பி நம்ம பக்கம் வந்திருக்கு. நான் செய்ததும் அதேதான்.

கொட்டி மூணு வாரம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நானும் ஃப்ரெண்டும் கிளம்பிப் போனோம். தண்ணி முழங்காலுக்கு வந்திருந்துச்சு. கொட்டின இடத்துல இறங்கித் துழாவினோம். ஒரு மணி நேரம். எல்லாமே பச்சை, எல்லாமே ஒரே மாதிரி. அதே அண்ணன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கபோம்பா படத்தைப் போன்ல காட்டினேன். படத்தை ரொம்ப நேரம் பார்க்கல. தண்ணிக்குள்ள கையை விட்டு அலைய விட்டார்.

"நம்ம பாசி கைய அறுக்கும் தம்பி. சொரசொரன்னு இருக்கும். இது..." வெளிய எடுத்தார். "இது பஞ்சு மாதிரி இருக்கு. இது இங்க கிடையாதே."

அவர் கையில இருந்தது கபோம்பா. தண்டுல புதுசா வெள்ளை வேர் விட்டிருந்துச்சு.

அவருக்குப் பேர் தெரியாதுன்னு ஜனவரில நான் நினைச்சேன். நாம தின்னுற, பயன்படுத்துற செடிக்கெல்லாம் தமிழ்ல தெளிவா பேர் இருக்கு. ஆரை, வள்ளை, நீர்ப்பிரம்மி, அல்லி, கொட்டி. மிச்சமெல்லாம் பாசி. ஆனா பேர் ஒண்ணா இருந்தாலும் அவர் கை பிரிச்சுப் பார்க்குது. பேர் தெரிஞ்ச ஆப்பும் நானும்தான் பிரிக்கல. மூணு பேரும் சேர்ந்து ஏழு தண்டு எடுத்தோம். நான் எத்தனை கொட்டினேன்னு எனக்கே கணக்கு இல்ல. அதனால ஏழு போதுமான்னு தெரியாது. ஏரி நிரம்பினதும் திரும்பப் போய்ப் பார்க்கணும்.

நீங்க எடுக்கப் போறீங்கன்னா

கேட்டுட்டு இருக்கிற சில பேருக்கு இப்பவே ஏரிக்குப் போகணும்னு தோணியிருக்கும். போங்க. ஆனா பள்ளிக்கரணை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்துல கை வைக்காதீங்க. மத்த இடத்துலயும் அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. ஒரு கைப்பிடி போதும்.

இலை வடிவத்தை மட்டும் நம்பாதீங்க. தண்ணிச் செடிங்க பலதும் தண்ணிக்கு அடியில ஒரு இலை, மேல ஒரு இலைன்னு ரெண்டு வேஷம் போடும். அதனால கணுவைப் பாருங்க. விசிறி மாதிரி இலை உள்ளதுல மூணு செடி ஒண்ணுபோல இருக்கும். கணுவுக்கு ரெண்டு இலை எதிரெதிரா, தனித்தனிக் காம்போட இருந்தா கபோம்பா. கணுவைச் சுத்தி வட்டமா இருந்து, கசக்கினா வாசனையும் வந்தா அது நம்ம ஊர் லிம்னோஃபிலாவா இருக்க வாய்ப்பு அதிகம். வேரே இல்லாம, இலை கவட்டை மாதிரி ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு, தொட்டா முரடா இருந்தா செரட்டோஃபில்லம். சந்தேகம் தீரலன்னா பூக்கிற வரைக்கும் காத்திருங்க. பூவை வெச்சுத்தான் கடைசித் தீர்ப்பு. எடுத்த இடம், தேதி, கணுவுக்கு எத்தனை இலை, இந்த மூணையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

வெட்டினதை எங்கயும் தண்ணியில கொட்டாதீங்க. எடுத்த ஏரியிலயே கூடக் கொட்டாதீங்க. தொட்டிக்குள்ள போய் வந்ததுல எது எதோட கலந்திருக்குன்னு நமக்கே தெரியாது. மொட்டை மாடியில நல்லா மொறுமொறுன்னு காய வெச்சு, பூந்தொட்டி மண்ணுல போட்டுடுங்க.

தொட்டி மேல ஒட்டின ஸ்டிக்கரை மாத்திட்டேன். இப்போ ஹைட்ரில்லான்னு எழுதியிருக்கு, கீழ ஏரிப் பெயரும் எடுத்த தேதியும். கபோம்பா தொட்டியில இப்ப இல்ல. காய்ஞ்சு மாடியில ரோஜாச்செடிக்கு உரமாயிடுச்சு.

ஏரி நிரம்பினதும் போய்ப் பார்த்துட்டு வந்து, என்ன இருந்துச்சுன்னு உள்ளதை உள்ளபடி சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.